எங்கள் கட்டுமான சைட்டில் அம்மை கண்ட ஒருவர் “அம்மா வந்திருக்கு” என்று சொல்லி கிளினிக்குக்கு வர மறுக்கிறார். இந்த மூடநம்பிக்கையை எப்படிப் போக்குவது?

முதலில் அந்த ‘மூடநம்பிக்கை’யைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். நீங்கள் சைட்டில் இன்ஜினியராகவோ மனிதவளப் பிரிவிலோ இருப்பீர்கள், சிங்கப்பூரில் படித்தவராகவும் இருக்கலாம், நல்ல எண்ணத்தில்தான் கேட்கிறீர்கள். 2014ல் நானும் நல்ல எண்ணத்தில்தான் இருந்தேன்.

அப்போது சிங்கப்பூரில் துவாஸ் பக்கம் ஒரு சைட்டில் நான் சேஃப்டி பார்த்துக்கொண்டிருந்தேன். சாரம் கட்டுகிற குழுவில் புதுக்கோட்டைப் பக்கத்துப் பையன் ஒருவன், வந்து எட்டு மாதம் இருக்கும். அந்த வெயிலில் கழுத்துப் பட்டன் வரை போட்டு, முகத்தைத் துணியால் மூடியிருந்தான். சாரம் கட்டுகிறவர்கள் எல்லோருமே வெயிலுக்கு அப்படித்தான் இருப்பார்கள் என்பதால் எனக்குத் தோன்றவில்லை. சந்தேகம் வந்தது சாப்பாட்டில்தான். கேட்டரிங் பொட்டலத்தில் வந்த பொரித்த மீனை அவன் ஒதுக்கினான். பக்கத்தில் இருந்தவனும் ஒதுக்கினான். பார்த்தால் அவர்கள் அறையில் இருக்கும் பதினாறு பேருமே மூன்று நாளாகக் கவிச்சி தொடவில்லை. அது புரட்டாசியும் இல்லை.

தனியாகக் கூப்பிட்டுப் பட்டனை அவிழ்க்கச் சொன்னேன். நெஞ்செல்லாம் முத்து. “அம்மா வந்திருக்குண்ணே. ஊசி போட்டா கோவிச்சுக்கும். மூணு தண்ணி ஊத்துனா எறங்கிடும்” என்றான்.

நான் சொன்ன பதிலை இன்று எழுதவே கூச்சமாக இருக்கிறது. “உங்க அம்மாவுக்கு சிங்கப்பூர் பர்மிட் யாரு குடுத்தது?” என்றேன். நாலு பேர் சிரிப்பார்கள் என்று நினைத்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. அன்று மாலை அவன் என்னோடு வேனில் ஏற மறுத்துவிட்டான், அறைக்காரர்களும் அவன் பக்கம்.

வேறு வழியில்லாமல் அவனுடைய ஊருக்கே போன் போட்டேன். அவன் அம்மா எடுத்தார். மகனை டாக்டரிடம் போகச் சொல்லுங்கள் என்று நான் விளக்க ஆரம்பிக்கும் முன்பே அவர் கேட்டது இதுதான்: “தம்பி, அம்மா வந்த உடம்போட அவன் வேலைக்கா வர்றான்? நீங்க எப்படி விட்டீங்க?” அப்புறம் ஐந்து நிமிடம் எனக்குத்தான் அர்ச்சனை. அம்மை கண்ட வீட்டில் வாசலில் வேப்பிலை கட்டி, வெளியாளை உள்ளே விடாமல், தாளிக்காமல், ஆளைப் படுக்க வைத்து, கூழும் இளநீரும் கொடுப்பார்கள்; அங்கே என்னடா என்றால் மூன்று மாடி உயரத்தில் இரும்புக் குழாய் தூக்குகிறான். கடைசியில் “மாத்திரை குடுத்தா சாப்பிடட்டும், ஊசி மட்டும் வேணாம். நான் மாவிளக்குப் போட்டுக்கிறேன்” என்றார். மகனிடமும் அவரே பேசினார். அரை மணி நேரத்தில் வேனில் ஏறினான்.

யோசித்துப் பாருங்கள். நம்பிக்கையின்படி நடந்திருந்தால் அவன் முதல் நாளே படுத்திருப்பான், தனியாக. அவனை வேலைக்கு வரவழைத்தது சாமி இல்லை. அவனுக்கு அடிப்படைச் சம்பளம் நாளுக்கு 18 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), மீதியெல்லாம் ஓவர்டைம். ஆறு மாதம் முடிந்தவருக்கு வருடத்தில் 14 நாள் சம்பளத்தோடு எம்சி (டாக்டர் சான்றிதழோடு எடுக்கும் மருத்துவ விடுப்பு) எடுக்கச் சட்டம் இடம் தருகிறது, ஆனால் எம்சி நாளில் ஓவர்டைம் வராது. ஏஜெண்டுக்குக் கொடுத்த கடன் பாதிகூட அடையவில்லை. தொற்று நோய் என்றால் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்று யாரோ வேறு சொல்லி வைத்திருக்கிறார்கள். இதையெல்லாம் சூப்பர்வைசரிடம் சொல்ல முடியுமா? ‘அம்மா கோவிச்சுக்கும்’ என்பதைச் சொல்லலாம்.

கிளினிக்கில் டாக்டர் ஊசி எதுவும் போடவில்லை, மாத்திரைதான். பெரியவர்களுக்குச் சின்னம்மை வந்தால் நுரையீரல் வரை போகக்கூடும், மூச்சுத் திணறினால் உடனே வா என்றார். வேப்பிலைத் தண்ணீரில் குளிக்கலாமா என்று கேட்டதற்கு, குளி, சொறியாதே, நகத்தை வெட்டு என்றார். அவ்வளவுதான், ஒரு சண்டையும் இல்லை. மருந்து எடுத்துக்கொடுத்த சீன ஆண்ட்டி “ரொம்ப ஹீட்டி, பொரித்தது சாப்பிடாதே, பார்லித் தண்ணீர் குடி” என்று சைகையோடு சொன்னார். பையன் முகத்தில் அன்றுதான் சிரிப்பைப் பார்த்தேன். சூடு என்கிறார்ண்ணே, இவங்களுக்கும் தெரியுது என்றான்.

இதைப் படித்துவிட்டு ‘அம்மைக்கு வேப்பிலை போதும் என்கிறான்’ என்று யாராவது கிளம்புவீர்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. அம்மை வைரஸால் வருகிறது, பெரியம்மை 1980க்குள் உலகத்தை விட்டே போனது தடுப்பூசியால்தான், எல்லாம் எனக்கும் தெரியும். முத்து தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பே சின்னம்மை பரவத் தொடங்கிவிடும் என்பதால், அந்த அறையில் இன்னும் இரண்டு பேருக்கு அடுத்த இரண்டு வாரத்தில் வந்தது. கிளினிக்குக்குப் போகத்தான் வேண்டும். அழைத்துப் போகிற விதத்தைத்தான் சொல்கிறேன். சீனர்கள் ஆவிகளுக்குப் படைக்கும் ஏழாம் மாதம் வந்தால் சைட் வாசலில் ஊதுபத்தியும் ஆரஞ்சும் வைத்துக் கும்பிடுகிற எங்கள் மேனேஜரை ஒருவரும் கேலி செய்ததில்லை. செய்யவும் கூடாது.

அப்புறம் கேள்விக்குச் சம்பந்தம் இல்லாத ஒன்று, எழுதாமல் இருக்க முடியவில்லை. இந்தச் சம்பவத்துக்குப் பிறகு டார்மெட்ரியில் நாலு மொழியில் எச்சரிக்கை ஒட்டினார்கள். ‘சிக்கன்பாக்ஸ்’ தமிழில் ‘கோழிப் பெட்டி’ என்று இருந்தது! கேட்டரிங் சாப்பாட்டைப் பற்றி ஏதோ அறிவிப்பு என்று நினைத்துப் பையன்கள் அதைக் கடந்து போனார்கள். ‘சின்னம்மை’ என்று எழுதிக் கொடுத்தேன். அச்சாகிவிட்டது, அடுத்த முறை பார்க்கலாம் என்றார்கள். தமிழ் ஆட்சிமொழியாக இருக்கிற ஊர் இது, ஒரு தமிழரிடம் காட்டிவிட்டு அச்சடிக்க எத்தனை நிமிடம் ஆகும்?

சரி, உங்கள் ஆளுக்கு வருவோம். எம்சி எடுத்தால் வேலை போகாது என்று எழுத்தில் கொடுங்கள், வாயால் சொன்னால் நம்பமாட்டார். வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்காக 2022 ஏப்ரலில் வந்த சிகிச்சைத் திட்டத்தில் அவர் இருந்தால் மருத்துவ மையத்தில் கையிலிருந்து 5 வெள்ளிதான் ஆகும், அதையும் சொல்லுங்கள். வீட்டுக்குப் போன் போட்டுப் பேச வையுங்கள். லிட்டில் இந்தியாவில் தேக்கா சந்தையில் வேப்பிலை கிடைக்கும், ஒரு கட்டு வாங்கிக் கொடுத்தால் குறைந்துவிட மாட்டீர்கள். குணமானதும் சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயிலுக்குப் போக ஒரு ஞாயிறு விடுங்கள். 1827லிருந்து அங்கே இருக்கிறாள், இப்படி எத்தனையோ பேரைப் பார்த்திருப்பாள். அந்தப் புதுக்கோட்டைப் பையனோடு நானும் போனேன். பர்மிட் ஜோக்குக்கு மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தது.

மூன்று வருடத்துக்கு முன் எனக்கு அக்கி வந்தது. சின்ன வயதில் வந்த அதே அம்மை வைரஸ் நரம்பில் ஒளிந்திருந்து வருவதுதான் அது, 72 மணி நேரத்துக்குள் மாத்திரை தொடங்கினால் நல்லது. ஊரில் என்றால் குயவர் வீட்டில் காவியால் அக்கி எழுதுவார்கள். நான் எழுதவும் இல்லை, மாத்திரை போடவும் இல்லை, விலாவைப் பிடித்துக்கொண்டு வேலைக்குப் போனேன். ஐந்தாம் நாள் டாக்டர் ஏன் இவ்வளவு தாமதம் என்று கேட்டார். ஆடிட் இருந்தது என்றேன்.