பெயர், லோகோ, கண்டுபிடிப்பு: சிறு தொழில் செய்பவர்களின் கேள்விகளும் என் பதில்களும்

சிறு தொழில்களுக்கு வணிகச் சின்னம் (டிரேட்மார்க்), காப்புரிமை (பேடன்ட்) விண்ணப்பங்களைத் தயார் செய்து கொடுப்பது என் வேலை. வந்த கேள்விகளில் பலருக்கும் பயன்படக்கூடியவற்றை எடுத்துக்கொண்டிருக்கிறேன். சட்டம் நாட்டுக்கு நாடு கொஞ்சம் மாறும். எங்கே மாறும் என்பதையும் ஆங்காங்கே சொல்லியிருக்கிறேன்.

கம்பெனியை முறையாகப் பதிவு செய்து, டொமைனும் வாங்கிவிட்டேன். இப்போது இன்னொருவர் அதே பெயரில் பொருள் விற்கிறார். என் பதிவைக் காட்டி நிறுத்த முடியுமா?

அந்தப் பதிவை மட்டும் வைத்து முடியாது. கம்பெனிப் பதிவு, இப்படி ஒரு நிறுவனம் இருக்கிறது என்று அரசு குறித்துக்கொள்வது. டொமைன் வெறும் இணைய முகவரி. பொருளின் மேல் அந்தப் பெயரைப் போட்டு விற்கும் தனி உரிமை வணிகச் சின்னப் பதிவில்தான் வருகிறது.

அதற்காக மனம் தளர வேண்டாம். பல நாடுகளில் முதலில் பயன்படுத்தியவருக்கும் ஓரளவு உரிமை உண்டு. தேதி தெரியும் பழைய பில்கள், விளம்பரங்கள், பேக்கிங் படங்கள் எல்லாவற்றையும் திரட்டி வையுங்கள். சில நாடுகளில் முதலில் விண்ணப்பித்தவர் கைதான் ஓங்கும். உங்கள் நாடு எந்த வகையாக இருந்தாலும் விண்ணப்பத்தைத் தள்ளிப்போடாதீர்கள்.

புதிய பெயர் ஒன்று யோசித்திருக்கிறோம். தேடிப் பார்த்தோம், அதே பெயரில் யாரும் இல்லை. விண்ணப்பிக்கலாமா?

எழுத்துக்கு எழுத்து அதே பெயரை மட்டும் தேடினால் போதாது. காதுக்கு ஒன்றுபோல ஒலிப்பது, ஓரெழுத்து மட்டும் மாறியது, வேறு மொழியில் அதே பொருள் தருவது எல்லாவற்றையும் தேட வேண்டும். வாங்குபவர் குழம்புவாரா என்பதைத்தான் விண்ணப்பத்தை ஆராயும் பரிசோதகர் பார்ப்பார். பெரும்பாலான நாடுகள் பின்பற்றும் நீஸ் வகைப்பாட்டில் பொருள்களுக்கு 34, சேவைகளுக்கு 11 என மொத்தம் 45 வகுப்புகள் உண்டு. உங்கள் வகுப்பிலும் அதோடு ஒட்டிய வகுப்புகளிலும் தேடுங்கள். அடுத்த சில ஆண்டுகளில் எதை விற்கப்போகிறீர்கள் என்பதையும் சேர்த்து யோசித்து வகுப்பைத் தேர்ந்தெடுங்கள். விண்ணப்பித்த பிறகு புதிய பொருள்களைப் பட்டியலில் சேர்க்கப் பொதுவாக விடமாட்டார்கள்.

இன்னொன்று, பொருளை அப்படியே வர்ணிக்கும் பெயரை வைக்காதீர்கள். கதவுப் பூட்டுக்கு 'உறுதியான பூட்டு' என்று வைத்தால் பதிவு கிடைப்பது கடினம். பொருளோடு சம்பந்தமே இல்லாத சொல்லுக்குத்தான் பலம் அதிகம்.

லோகோவைத் தெரிந்த டிசைனர் ஒருவர் வரைந்து கொடுத்தார். பணம் கொடுத்துவிட்டோம். அது எங்களுடையதுதானே?

இந்தக் கேள்வியைக் கேட்காமலே பலர் ஆண்டுக்கணக்கில் தொழில் நடத்துகிறார்கள். எனக்கு அதுதான் கவலை. 1886-ஆம் ஆண்டின் பெர்ன் உடன்படிக்கைப்படி, ஒரு படைப்பு உருவானதுமே பதிப்புரிமை (காப்பிரைட்) வந்துவிடும், பதிவு தேவையில்லை. ஆனால் யாருக்கு வருகிறது? பொதுவாகப் படைத்தவருக்கு. சம்பள ஊழியர் வேலையின் பகுதியாக வரைந்தால் பல நாடுகளில் முதலாளிக்குச் சேரும். வெளி ஆள் வரைந்தால், பணம் கொடுத்தாலும் பெரும்பாலும் உரிமை அவரிடமே இருக்கும். உங்களுக்குக் கிடைப்பது பயன்படுத்தும் அனுமதி மட்டும்.

என்னிடம் வந்த ஒருவர் நன்றாக வளர்ந்த தொழிலை விற்கப் போனார். வாங்க வந்தவர் கேட்ட முதல் காகிதம் லோகோவின் உரிமை மாற்றப் பத்திரம். அப்படி ஒன்று இல்லை. டிசைனர் எங்கே இருக்கிறார் என்றே தெரியவில்லை. அவரைத் தேடிப் பிடித்துக் கையெழுத்து வாங்கும்வரை விற்பனை நின்றது. வேலை கொடுக்கும் நாளிலேயே அரைப் பக்கம் எழுதி வாங்கியிருந்தால் முடிந்திருக்கும். இணையதளம், மென்பொருள், புகைப்படம் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். உங்கள் டிசைனர் தெரிந்தவர் என்கிறீர்கள். உறவு நன்றாக இருக்கும்போதே எழுதி வாங்கிவிடுங்கள்.

டிசைனை எனக்கே தபாலில் அனுப்பி, உறையைப் பிரிக்காமல் வைத்தால் போதுமா?

போதாது. உறையை நம்பி இருக்க வேண்டாம். பொருளின் தோற்றத்துக்கு டிசைன் பதிவு என்று தனியாகவே ஒன்று இருக்கிறது, அதைச் செய்யுங்கள்.

புதிய கருவி ஒன்று செய்தேன். கண்காட்சியில் வைத்தேன், வீடியோவும் போட்டேன். நல்ல வரவேற்பு. இப்போது காப்புரிமை வாங்கலாமா?

காப்புரிமைக்கு முதல் நிபந்தனை, விண்ணப்பத் தேதிக்கு முன் அது உலகில் எங்கும் வெளிப்பட்டிருக்கக் கூடாது. நீங்களே வெளிப்படுத்தினாலும் அதே கணக்குதான். அமெரிக்காவில் கண்டுபிடித்தவர் தானே வெளியிட்டதற்கு ஓராண்டு சலுகை உண்டு. ஐரோப்பியக் காப்புரிமையில் அப்படிப் பொதுவான சலுகை கிடையாது. அதனால் வீடியோ போட்ட தேதியைக் குறித்துக்கொண்டு, இந்த வாரமே ஒரு காப்புரிமை முகவரைப் பாருங்கள். வீடியோவில் உள்ளே எப்படி வேலை செய்கிறது என்பது தெரியவில்லை என்றால் அந்தப் பகுதிக்கு இன்னும் வாய்ப்பு இருக்கலாம்.

அடுத்த கண்டுபிடிப்புக்கு வரிசையை மாற்றுங்கள்: முதலில் விண்ணப்பம், அப்புறம் கண்காட்சி. அதற்கு முன் யாரிடமாவது காட்டியே ஆக வேண்டும் என்றால், ரகசியம் காக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு காட்டுங்கள்.

ஒரே விண்ணப்பத்தில் உலகம் முழுக்கக் காப்புரிமை கிடைக்குமா?

உலகக் காப்புரிமை என்று ஒன்று இல்லை. நேரம்தான் கிடைக்கும். 1883-ஆம் ஆண்டின் பாரிஸ் உடன்படிக்கைப்படி, முதல் விண்ணப்பத் தேதியைக் காட்டி மற்ற உறுப்பு நாடுகளில் விண்ணப்பிக்க, காப்புரிமைக்கு 12 மாதம், வணிகச் சின்னத்துக்கும் டிசைனுக்கும் 6 மாதம். பிசிடி, அதாவது பல நாடுகளுக்கும் சேர்த்து ஒரே சர்வதேச விண்ணப்பம் போடும் காப்புரிமை ஒத்துழைப்பு ஒப்பந்தத்தின் வழியில் போனால் பெரும்பாலான நாடுகளில் நுழைய முதல் தேதியிலிருந்து 30 மாதம்வரை கிடைக்கும். அதற்குள் எந்தச் சந்தை உண்மையிலேயே வேண்டும் என்பது தெரிந்துவிடும். வணிகச் சின்னத்துக்கு, ஒரே விண்ணப்பத்தில் பல நாடுகளில் பதிவு கேட்கும் மாட்ரிட் முறை உண்டு. ஆனால் முதல் 5 ஆண்டுகளுக்குள் சொந்த நாட்டுப் பதிவு விழுந்தால் சர்வதேசப் பதிவும் சேர்ந்து விழும்.

எங்கள் கலவை முறை யாருக்கும் தெரியாது. காப்புரிமை எடுப்பதா, ரகசியமாகவே வைப்பதா?

பொருளை வாங்கிப் பிரித்துப் பார்த்தால் முறை தெரிந்துவிடுமா? தெரியும் என்றால் காப்புரிமை, தெரியாது என்றால் ரகசியம் என்பதுதான் என் பொதுவான கணக்கு. காப்புரிமை விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டு, பதிலுக்கு முறை முழுவதையும் ஊரறிய எழுதிக் கொடுக்க வேண்டும். துரு பிடித்ததை இளக்கும் ஸ்ப்ரேயான டபிள்யூடி-40-இன் தயாரிப்பாளர்கள் இதனாலேயே காப்புரிமை எடுக்கவில்லை. ஆனால் ரகசியத்தைக் காக்க நீங்கள் நியாயமான முயற்சி எடுத்திருந்தால்தான் சட்டம் துணைக்கு வரும். முழு முறையும் ஒரே ஆளுக்குத் தெரியாதபடி பிரித்து வையுங்கள். யார் யாருக்கு எது தெரியும் என்று பட்டியல் எழுதி வையுங்கள், அவர்களிடம் ரகசியம் காக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்குங்கள்.

விண்ணப்பித்த சில வாரங்களில், அரசு முத்திரை போன்ற ஒன்றோடு பணம் கட்டச் சொல்லிக் கடிதம் வந்தது. கட்டலாமா?

கட்டாதீர்கள். விண்ணப்ப விவரங்கள் வெளியாவதால் ஏமாற்றுபவர்கள் அவற்றை எடுத்து எழுதுகிறார்கள். கடிதத்தில் உள்ள தொலைபேசி எண்ணை நம்பாமல், நீங்கள் விண்ணப்பித்த அலுவலகத்தையே நேரடியாகக் கேளுங்கள்.

எங்கள் பதிவான பெயரை இணையச் சந்தையில் ஒருவர் பயன்படுத்துகிறார். கோபத்தில் எல்லா இடத்திலும் எழுதிவிடலாமா என்று இருக்கிறது.

உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் எழுதாதீர்கள். முதலில் பக்கத்தைத் தேதி தெரியும்படி படமெடுத்து வையுங்கள், ஒன்றை வாங்கியும் வையுங்கள், பில்லோடு. உஷாரானால் அவர் பக்கத்தை அழித்துவிடுவார். அப்புறம் பதிவு எண்ணோடு அந்தத் தளத்தின் புகார்ப் படிவத்தை நிரப்புங்கள். பல சமயம் அங்கேயே முடிந்துவிடும். முடியாவிட்டால் வக்கீல் மூலம் கடிதம். ஆதாரமில்லாமல் மிரட்டினால் சில நாடுகளில் அவரே உங்கள் மேல் வழக்குப் போட முடியும். கடிதத்துக்கு முன் அவர் உங்களுக்கு முன்பே அந்தப் பெயரைப் பயன்படுத்தி வந்தாரா என்பதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.