'விரும்பும்போது பார்க்கலாம்' என்ற வரியை நம்பிக் கையெழுத்துப் போடலாமா?

கோவையிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "கணவருக்குச் சென்னையில் வேலை. இருவரும் சம்மதித்தே பிரிகிறோம், 7 வயது மகள் என்னிடம் இருப்பாள். அவருடைய வக்கீல் அனுப்பிய மனுவில் 'தந்தை விரும்பும்போது குழந்தையைப் பார்த்துக்கொள்ளலாம்' என்று ஒரே ஒரு வரிதான் இருக்கிறது. பெரியவர்கள் முன்னிலையில் முத்திரைத்தாளிலும் எழுதிக்கொண்டோம். இது போதுமா?"

போதாதுங்க. நோட்டரி முத்திரையே குத்தியிருந்தாலும் அந்த முத்திரைத்தாள் நீதிமன்ற உத்தரவு ஆகாது. நீங்கள் பேசி முடித்ததையெல்லாம் பரஸ்பர சம்மத விவாகரத்து மனுவிலேயே எழுதி (இந்து திருமணச் சட்டம், பிரிவு 13பி என்று எடுத்துக்கொள்கிறேன்), தீர்ப்பாணையில் ஏற்றிவிட வேண்டும். நாளைக்கு ஒருவர் மீறினால் நிறைவேற்று மனு (உத்தரவை நடைமுறைப்படுத்தித் தரக் கேட்கும் மனு) போட அதுதான் கைகொடுக்கும்.

அடுத்து அந்த ஒற்றை வரி. இப்போது சுமுகமாக இருப்பதால் பெருந்தன்மையாகத் தெரியும். திங்கட்கிழமை பரீட்சை, ஞாயிறு மாலை அவர் வாசலில் நிற்கிறார், நீங்கள் இன்றைக்கு வேண்டாம் என்கிறீர்கள். உத்தரவில் 'விரும்பும்போது' என்றுதானே இருக்கிறது என்று அவர் கேட்டால் என்ன பதில் சொல்வீர்கள்? இதே வரி அவருக்கும் ஆபத்துதான், கிழமையும் நேரமும் இல்லாத உத்தரவை மீறியதாக அவரால் நிரூபிக்கவே முடியாது. குடும்ப நல நீதிமன்றத்துக்குத் திரும்ப வரும் சண்டைகளில் பாதி இப்படி இரண்டு பக்கமும் இழுக்கக்கூடிய வரிகளில்தான் முளைக்கிறது என்பேன்.

இப்படி எழுதிப் பாருங்கள்: "ஒவ்வொரு மாதமும் 2ஆவது, 4ஆவது சனிக்கிழமை காலை 9 மணிக்குத் தந்தை தாயின் வீட்டில் குழந்தையை அழைத்துக்கொண்டு, ஞாயிறு மாலை 5 மணிக்கு அங்கேயே கொண்டுவந்து விடுவார். வர இயலாவிட்டால் வியாழன் இரவுக்குள் வாட்ஸ்அப்பில் தெரிவிப்பார்; அதற்கு ஈடாக அடுத்த வார இறுதி." வெள்ளி இரவு சேரன் எக்ஸ்பிரஸ் ஏறினால் சனி காலை கோவையில் இருப்பார், ஆகவே 9 மணி நடக்கக்கூடிய நேரம். ஆனால் இரவு அவள் எங்கே தங்குவாள் என்பதையும் கேட்டு எழுதுங்கள், லாட்ஜா, அத்தை வீடா என்பது பிற்பாடு பெரிய பேச்சாகிவிடும்.

காலாண்டு, அரையாண்டு விடுமுறைகளைப் பாதிப் பாதியாகவும், மே விடுமுறையில் எத்தனை நாள் சென்னையில் என்பதையும் குறித்துவிடுங்கள். தீபாவளி ஒருவரிடம் என்றால் பொங்கல் மற்றவரிடம், மறு வருடம் மாற்றி. வீடியோ அழைப்புக்கும் ஒரு நேரம் வேண்டும். குழந்தையைத் தன்னிடம் வைத்திராத பெற்றோர் தினமும் ஐந்து பத்து நிமிடமாவது பேச வழி இருக்க வேண்டும் என்று 2020இல் யஷிதா சாகு வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. வீட்டுப்பாடம் முடிந்த பிறகு, எட்டு மணி சரியாக இருக்கும்.

பணத்தைப் பொறுத்தவரை பள்ளிக் கட்டணம், வேன், மருத்துவம் ஒவ்வொன்றும் யார் பொறுப்பு, எந்தத் தேதிக்குள் என்று பிரித்து எழுதுங்கள். 'குழந்தைக்காக எதுவும் கேட்க மாட்டேன்' என்றொரு வரியை நுழைக்கப் பார்ப்பார்கள், சம்மதிக்காதீர்கள். ஜீவனாம்சம் குழந்தையின் உரிமை, அதைத் தாய் விட்டுக்கொடுத்துவிட முடியாது. அதே சமயம் பணம் வரவில்லை என்று பிள்ளையைக் காட்டாமல் இருக்காதீர்கள். அது வேறு, இது வேறு. பணத்துக்கு நிறைவேற்று மனு இருக்கிறது. அப்புறம் பாஸ்போர்ட், பள்ளி மாற்றம், அறுவை சிகிச்சை போன்றவற்றுக்கு இருவர் சம்மதமும் வேண்டுமா என்பதையும் இப்போதே முடித்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு விவரமாக எழுதுவதில் ஒரு லாபமும் உண்டு. முதல் மனுவுக்குப் பிறகான ஆறு மாதக் காத்திருப்பைத் தள்ளுபடி செய்யலாம் என்று 2017இல் அமர்தீப் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியபோது, குழந்தையின் பொறுப்பும் ஜீவனாம்சமும் உண்மையாகவே பேசி முடிக்கப்பட்டிருக்க வேண்டும் என்பதையும் ஒரு நிபந்தனையாக வைத்தது.

இன்று எழுதுவது அவள் 18 வயது வரை அப்படியே பொருந்தாது. பத்தாம் வகுப்பு வந்தால் மாதம் இரண்டு வார இறுதி கஷ்டம், அவர் வேலை மாறலாம், நீங்களே ஊர் மாறலாம். அதே இந்து திருமணச் சட்டத்தின் பிரிவு 26இன் கீழ் மனு போட்டு உத்தரவை மாற்றிக்கொள்ளலாம், குழந்தை விஷயத்தில் எந்த உத்தரவும் இறுதியல்ல. அதற்கு முன் சமரச மையத்தில் உட்கார்ந்து பேசுவோம் என்று ஒரு வரி சேர்த்தால் செலவு மிச்சம்.

இப்போது கையில் இருக்கும் மனு அவருடைய வக்கீல் எழுதியது என்பதால், கையெழுத்துக்கு முன் உங்களுக்கென்று ஒரு வக்கீல் படித்தே ஆக வேண்டும். கட்டணம் யோசனையாக இருந்தால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு, தொலைபேசி எண் 15100. போகும்போது அந்த முத்திரைத்தாளின் நகல், மனு, பள்ளிக் கட்டண ரசீதுகள் மூன்றையும் எடுத்துச் செல்லுங்கள்.