உடம்புச் சூடு அணைந்துவிட்டதா?

கேள்வி: அக்கா, எனக்கு வயது 43, உயரம் 158 செ.மீ. முன்பு 118 கிலோ இருந்தேன். 14 மாதத்துக்கு முன் இரைப்பையைச் சிறிதாக்கும் ஸ்லீவ் ஆபரேஷன் செய்துகொண்டேன். மூன்றாவது வாரமே இனிப்புநீர் மாத்திரையைக் குறைத்துவிட்டார்கள். இப்போது 82 கிலோ. ஆனால் மூன்று மாதமாக எடை அப்படியே நிற்கிறது. விடியற்காலையில் குளிருகிறது, முடி கொட்டுகிறது. இறைச்சி உள்ளே இறங்குவதில்லை. காலையில் மைலோவும் பிஸ்கட்டும், மதியம் கஞ்சி, மாலை தே தாரிக், இரவும் கஞ்சிதான். “வயித்தை வெட்டினதுல உடம்புச் சூடே அணைஞ்சு போச்சு” என்கிறார் மாமியார். உண்மையா?
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: அணையவில்லை தங்கச்சி, அடுப்பு சிறுத்திருக்கிறது. உங்கள் வயதையும் உயரத்தையும் வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 118 கிலோவில் சும்மா படுத்திருந்தாலே உங்கள் உடம்பு நாளுக்குச் சுமார் 1,790 கலோரி எரித்திருக்கும். 82 கிலோவில் அது சுமார் 1,430. ரப்பர்த் தோட்டத்தில் என் அம்மா தோளில் கம்பு வைத்து இரண்டு வாளி பால் சுமந்து ஸ்டோருக்கு நடப்பார். வாளியை இறக்கியதும் மூச்சு வாங்குவது நின்றுவிடும். நீங்கள் இறக்கி வைத்திருப்பது 36 கிலோ. எரிப்பு குறையத்தானே செய்யும்? சிலருக்கு இந்தக் கணக்கைவிடவும் கொஞ்சம் கூடுதலாகக் குறைவதுண்டு.

வெறும் பத்தியம் இருந்து இளைத்தவர்களுக்கு எரிப்பு குறைகிற அதே நேரத்தில் பசி ஏறும். பலருக்கு எடை திரும்புவது அதனால்தான். உங்களுக்கு இரைப்பையில் சுமார் 80 விழுக்காட்டை எடுத்திருப்பார்கள். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் பெரும்பாலும் சுரப்பது அப்படி எடுத்த மேல்பகுதியில்தான், அதனால் உங்களுக்குப் பசி அவ்வளவாக ஏறாது. மிச்சமிருக்கும் குழாய் வழியே சாப்பாடு சிறுகுடலுக்குச் சீக்கிரம் போய்ச் சேருவதால், ஜிஎல்பி-1 என்ற ஹார்மோன் கூடுகிறது. அது கணையத்தை இன்சுலின் சுரக்க வைக்கும். முதல் வாரங்களில் சாப்பாடும் மிகக் குறைவு, அதனால் கல்லீரல் வெளியே விடும் சர்க்கரையும் குறைந்திருக்கும். எடை முழுசாக இறங்குவதற்கு முன்பே மாத்திரை குறைந்தது இப்படித்தான்.

எனக்குக் கவலை தருவது உங்கள் சாப்பாட்டுப் பட்டியல். கஞ்சி, மைலோ, தே தாரிக் எல்லாமே வழுக்கிக்கொண்டு இறங்குபவை. சின்ன வயிறு அவற்றைத் தடுத்து நிறுத்தாது. சீனியும் கெட்டிப்பாலும் அப்படியே உள்ளே போகின்றன. ஆபரேஷன் செய்துகொண்டவருக்கு நாளுக்கு 60 கிராம் புரதமாவது வேண்டும். உங்கள் பட்டியலில் அதில் பாதிகூடத் தேறாது. புரதம் குறைந்தால் தசை கரையும். தசை கரைந்தால் சும்மா இருக்கும்போது எரிவதும் இன்னும் குறையும். நீங்கள் பயப்பட வேண்டியது இதற்குத்தான்.

இறைச்சி இறங்காவிட்டால் பரவாயில்லை. வேகவைத்த முட்டை (ஒன்றில் 6 கிராம்), ரசத்தில் வெந்த கெம்போங் மீன், தௌஃபு, தெம்பே என்று மாற்றிக்கொள்ளுங்கள். முதலில் அதை நன்றாக மென்று சாப்பிடுங்கள், சோறோ கஞ்சியோ அப்புறம். தண்ணீரை அரை மணி நேரம் கழித்துக் குடியுங்கள். நாற்காலியில் கை ஊன்றாமல் பத்து முறை உட்கார்ந்து எழுந்திருங்கள், காலையும் மாலையும்.

முடி கொட்டுவது ஆபரேஷனுக்குப் பிறகு மூன்று, நான்கு மாதத்தில் தொடங்கிப் பிறகு தானாக நிற்பது வழக்கம். 14 மாதத்திலும் கொட்டினால், குளிரும் சேர்ந்தால், ரத்தம் பார்க்க வேண்டும்: இரும்புச்சத்து, பி12, வைட்டமின் டி, தைராய்டு. கிளினிக் கெசிஹாத்தானில் (அரசு சுகாதார நிலையம்) ஆபரேஷன் விவரத்தை மறக்காமல் சொல்லுங்கள். வைட்டமின் மாத்திரை ஆயுள் முழுக்க வேண்டும், நிறுத்தியிருந்தால் இன்றே தொடங்குங்கள்.

இறைச்சி தொண்டையில் நிற்கிறதா, வாந்தியாகிறதா என்று நீங்கள் எழுதவில்லை. வாந்தி தொடர்ந்தால் அறுவை டாக்டரைப் பாருங்கள், குழாய் குறுகியிருக்கலாம். கால் மரத்து நடை தள்ளாடினால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள், அது தயமின் (வைட்டமின் பி1) குறைவாக இருக்கலாம்.

மாமியார் கஞ்சி காய்ச்சட்டும், வேண்டாம் என்று சொல்லாதீர்கள். அதில் பாசிப்பருப்பைத் தாராளமாகப் போட்டு, இரண்டு முட்டையை உடைத்து ஊற்றச் சொல்லுங்கள்.