ஆறு மாதக் குழந்தைக்கு வீட்டிலேயே விதவிதமான, சத்தான உணவு கொடுப்பது எப்படி?

எங்கள் வீடு மும்பை செம்பூரில். மகளுக்கு இப்போது மூன்றரை வயது. அவளுக்கு ஆறு மாதம் முடிந்த வாரம் அம்மா கும்பகோணத்திலிருந்து ஒரு டப்பா சத்துமாவு கொடுத்து அனுப்பினாள். கேழ்வரகு, கம்பு, சம்பா கோதுமை, பொட்டுக்கடலை, பாதாம், முந்திரி, ஏலக்காய் என்று பதினாறு சாமான். இதைவிடச் சத்தாக என்ன வேண்டும் என்று நானும் காலையும் மாலையும் அதையே காய்ச்சி ஊட்டினேன். எட்டாம் மாதம் வேறு எதைக் கொடுத்தாலும் துப்ப ஆரம்பித்தாள். பதினாறு சாமானும் சேர்ந்து அவளுக்கு ஒரே ஒரு ருசியைத்தான் பழக்கியிருந்தன.

நடுவில் கன்னத்தில் சிவப்பாகத் தடித்தது வேறு. எதனால் என்று யாரைக் கேட்பது? பாதாமா, முந்திரியா, கோதுமையா? கடைசியில் எச்சில் வடிந்து வந்ததுதான் என்று டாக்டர் சொன்னார். அதற்குள் மூன்று வாரம் தூக்கம் போயிருந்தது. அதனால் நான் சொல்வது இதுதான்: சத்துமாவைத் தூக்கிப் போட வேண்டாம், ஆனால் அதில் ஆரம்பிக்காதீர்கள். ஒவ்வொன்றாக, தனித்தனியாக, இரண்டு மூன்று நாள் இடைவெளி விட்டுக் கொடுங்கள்.

எப்போது ஆரம்பிப்பது என்பதில் குழப்பமே வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் சொல்வது ஆறு மாதம், அதாவது 180 நாள். அதுவரை தாய்ப்பால் மட்டும். அதன் பிறகும் இரண்டு வயது வரை, முடிந்தால் அதற்கு மேலும், தாய்ப்பால் தொடரலாம். குழந்தைக்குத் தலை நன்றாக நின்றிருக்க வேண்டும், பிடித்து உட்கார வைத்தால் உட்கார வேண்டும்.

எனக்குப் பாடம் எடுத்தது ஐந்தாம் மாடி ஆஜி (மராத்தியில் பாட்டி). அவர் பேரனுக்கு உஷ்டாவண் (நம் அன்னப்பிராசனம்தான்) ஆனதிலிருந்து தினம் வரண் பாத், அதாவது குழைந்த சோறு, பருப்பு, மேலே நெய். நான் எல்லாவற்றையும் மிக்ஸியில் அடித்து, வடிகட்டி, தண்ணீராக்கிக் கொடுப்பதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். கையால் மசி போதும், கட்டி இல்லாமல் இருந்தால் சரி என்றார். குழந்தை வயிறு சின்னது; அதைத் தண்ணீரால் நிரப்பினால் சாப்பாட்டுக்கு இடம் ஏது? ஸ்பூனைச் சாய்த்தால் ஒழுகாமல் நிற்க வேண்டும், அதுதான் பதம்.

கேழ்வரகில் இதற்கு ஒரு நல்ல உபாயம் உண்டு. இங்கே கடையில் நாச்னி என்று கேட்டால்தான் கிடைக்கும். ஓர் இரவு ஊறவைத்து, துணியில் கட்டி முளைவிட்டதும் நிழலில் உலர்த்தி, லேசாக வறுத்து அரைத்துக்கொள்ளுங்கள். முளைக்கும்போது உண்டாகும் நொதி மாவுச்சத்தைக் கொஞ்சம் உடைத்துவிடுவதால் கஞ்சி பசை மாதிரி இறுகாது. அதே கிண்ணத்தில் கூடுதல் மாவு போட்டாலும் குழந்தையால் விழுங்க முடியும். இரும்புச்சத்து உடம்பில் சேரவும் முளைகட்டுவது உதவும். நூறு கிராம் கேழ்வரகில் ஏறக்குறைய 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது, அது தனி லாபம்.

உண்மையில் கவலைப்பட வேண்டியது இரும்பைப் பற்றித்தான். தாய்ப்பாலில் அது குறைவு. அம்மா வயிற்றிலிருந்து கொண்டுவந்த சேமிப்பும் ஆறு மாதத்தை ஒட்டித் தீர ஆரம்பிக்கும். கறி சாப்பிடும் வீடுகளில் நன்றாக வேகவைத்து மசித்த கோழி, ஈரல், முள் எடுத்த மீன் எல்லாம் ஏழாம் மாதத்திலேயே கொடுக்கலாம். எங்கள் வீட்டில் முட்டை மட்டும் உண்டு. அதனால் பருப்பில் தக்காளியைக் கரைத்துவிடுவேன், அல்லது இறக்கியபின் நாலு சொட்டு எலுமிச்சை. வைட்டமின் சி கூட இருந்தால் பருப்பிலுள்ள இரும்பு நன்றாகச் சேரும்.

நிலக்கடலையையும் முட்டையையும் ஒரு வயது வரை ஒதுக்கச் சொல்வது பழைய பேச்சு. 2015இல் வெளியான லீப் ஆய்வில், ஒவ்வாமை வரும் வாய்ப்பு அதிகமுள்ள 640 குழந்தைகளைத் தொடர்ந்து பார்த்தார்கள். சின்ன வயதிலேயே கடலை சாப்பிட்டவர்களுக்குக் கடலை ஒவ்வாமை வெகுவாகக் குறைந்திருந்தது. ஆனால் முழுக் கடலை கூடவே கூடாது, புரை ஏறும். நைசாகப் பொடித்துக் கஞ்சியில் கலந்து கொடுங்கள். கடுமையான கரப்பான் இருந்தால் முதலில் டாக்டரைக் கேளுங்கள்.

தேன் மட்டும் ஒரு வயதுக்கு முன் வேண்டாம், நாக்கில் தடவக்கூட. அதில் பொட்டுலிசம் என்ற நோயை உண்டாக்கும் கிருமியின் வித்துகள் இருக்கலாம். இதற்காக மாமியாரோடு ஒரு வாரம் பேச்சுவார்த்தை இல்லை. உப்பு, சர்க்கரையும் முதல் வருடம் தேவையில்லை. வெல்லமும் இந்தக் கணக்கில் சர்க்கரைதான்.

விதவிதம் என்பதற்கு நான் வைத்துக்கொண்ட கணக்கைச் சொல்கிறேன். உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் உணவை எட்டு வகையாகப் பிரித்து, ஒரு நாளில் குறைந்தது ஐந்து வகை வேண்டும் என்கின்றன. தாய்ப்பாலே அதில் ஒன்று. சோறு, பருப்பு, மசித்த பரங்கிக்காய் (இங்கே லால் போப்ளா), ஒரு ஸ்பூன் தயிர், ஐந்து ஆகிவிட்டது! இதற்காக அவகாடோ வாங்க ஓடியிருக்கிறேன் என்று நினைத்தால் சிரிப்பு வருகிறது. நம் சமையலில் இருப்பதையே தாளிக்கும் முன், உப்பு போடும் முன் ஒரு கரண்டி எடுத்து வைத்தால் போதும். முருங்கைக்காயை வேகவைத்து உள்ளே இருக்கும் சதையை மட்டும் வழித்துக் கொடுத்துப் பாருங்கள், என் மகள் கிண்ணத்தை நக்கினாள். பீன்ஸை ஒன்பது தடவை துப்பினாள், பத்தாவது தடவை தின்றாள். எட்டு, பத்து முறை காட்டினால்தான் ஒரு புது ருசி பிடிபடும், அதற்குள் 'இதுக்குப் பிடிக்காது' என்று முடிவு கட்டாதீர்கள்.

ஆரம்பத்தில் ஒரு வேளைக்கு இரண்டு மூன்று ஸ்பூன் போதும். எட்டு மாதம் வரை நாளுக்கு இரண்டு மூன்று வேளை, ஒன்பதிலிருந்து மூன்று நான்கு. கொஞ்சம் கட்டியாகக் கொடுக்கும்போது ஓங்கரிக்கும். பயந்து என் கணவர் முதுகில் தட்டப் போனார். சத்தம் போட்டு இருமினால் அதுவே சமாளித்துக்கொள்ளும். சத்தமே வராமல் மூச்சுத் திணறினால்தான் ஆபத்து. அப்போது செய்ய வேண்டிய முதலுதவியை முன்கூட்டியே டாக்டரிடம் கற்றுக்கொள்ளுங்கள்.

மழைக்காலத்தில் கொதித்து ஆறிய தண்ணீர்தான், மீந்த கஞ்சியைத் திரும்பச் சுடவைப்பதும் கிடையாது. லோக்கல் ரயிலில் மாட்டுங்கா வரை போக வேண்டியிருந்தால் பையில் இரண்டு ஏலக்கி வாழைப்பழமும் ஒரு ஸ்பூனும் போட்டுக்கொள்வேன். அங்கேயே தோலை உரித்து, மசித்து ஊட்டுவேன்.