எவ்வளவு தூரம்?

கேள்வி: அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களையும் நொடித்துப்போன கிராமங்களையும் கைதூக்கிவிட மசோதா மேல் மசோதா கொண்டுவருகிறார்களே, இதெல்லாம் எவ்வளவு தூரம் பலன் தரும்?
– ஒரு வாசகர், விருதுநகர்

பதில்: 40 மைல் தூரம். கிண்டல் இல்லை. 2014இல் வந்த சட்டமே அப்படித்தான் சொன்னது. படைவீரர்களுக்கான அரசு மருத்துவமனை வீட்டிலிருந்து 40 மைலுக்கு அப்பால் இருந்தால், உள்ளூர் டாக்டரிடம் போகலாம்; பில்லை அரசு கட்டும். படைவீரர் நலத்துறை அதிகாரிகள் மேப்பை விரித்து நேர்கோட்டில் அளந்தார்கள். அந்த ஊரில் இதற்குப் பெயர் ‘காக்கை பறக்கும் தூரம்’. குறுக்கே ஏரியோ மலையோ கிடந்தால் காக்கைக்கு 38 மைல், காரோட்டும் பெரியவருக்கு 60. காக்கைக்கு மூட்டுவலி இல்லை, பெட்ரோல் செலவு இல்லை, அது வியட்நாமுக்குப் போனதும் இல்லை. ஆனாலும் அதன் வசதியைப் பார்த்துத்தான் விதி போட்டார்கள். 2015இல்தான் சாலைக் கணக்குக்கு மாறினார்கள்.

இன்னொரு ஓட்டை இதைவிடப் பெரிது. பக்கத்தில் இருப்பது ரத்த அழுத்தம் பார்க்கிற சின்ன கிளினிக்காக இருந்தாலும் அதுவும் கணக்கில் சேரும். இதய சிகிச்சைக்கு 150 மைல் போக வேண்டியவருக்கு, ‘உங்களுக்குத்தான் பக்கத்திலேயே இருக்கிறதே’ என்று பதில் வந்தது. வேடிக்கை என்னவென்றால், கிராமத்துச் சிறு மருத்துவமனைகளைக் காப்பாற்ற இதே நாடாளுமன்றம் 1997இல் போட்ட சட்டத்தில், அடுத்த மருத்துவமனை சாலை வழியே 35 மைல் தள்ளி இருக்க வேண்டும், மலைப்பாதை என்றால் 15 மைல் போதும் என்று தெளிவாக எழுதியிருந்தது.

2018இல் இதற்குப் பதிலாக வந்ததன் பெயர் ‘மிஷன்’ சட்டம். விரித்தால் ‘மெயின்டெய்னிங் இன்டர்னல் சிஸ்டம்ஸ் அண்ட் ஸ்ட்ரெங்தனிங் இன்டகிரேட்டட் அவுட்சைட் நெட்வொர்க்ஸ்’. முதலில் பெயரைப் பிடித்துவிட்டு, அதற்கேற்ப வார்த்தைகளைத் தைக்கிறார்கள். சட்டைக்குப் பொத்தான் வாங்காமல் பொத்தானுக்குச் சட்டை தைப்பது. உள்ளே இருக்கும் சரக்கு மோசமில்லை. அதன் கீழ் துறை வகுத்த விதிகள் மைலை விட்டுவிட்டு நிமிடத்துக்கு வந்தன. பொது மருத்துவம், மனநலம் என்றால் 30 நிமிடக் கார்ப் பயணம், சிறப்பு மருத்துவம் என்றால் 60. தேதி கிடைக்க முறையே 20 நாள், 28 நாளுக்கு மேல் ஆனாலும் வெளி டாக்டரிடம் போகலாம். விதிதானே, துறை நினைத்தால் மாற்றிவிடலாம். அதனால் இந்தக் கணக்கைச் சட்டத்திலேயே பொறித்துவிட 2025இல் ஒரு மசோதா தாக்கலானது. நீங்கள் கேட்ட வகையறாவில் எனக்குப் பிடித்தது அதுதான்.

மற்ற மசோதாக்களைப் படிக்கும்போது, சிகிச்சைக்குப் போய்வர அரசு தரும் பயணப்படியைப் பாருங்கள். தகுதி உள்ளவருக்கு மைலுக்கு 41.5 சென்ட். ஒரு வழிக்கு 3 டாலர் பிடித்தம், மாதத்துக்கு 18 டாலர் வரை. 30 மைல் போய்த் திரும்பினால் 24.90 வர வேண்டும். கைக்கு வருவது 18.90. போய்வந்த 30 நாளுக்குள் விண்ணப்பிக்காவிட்டால் அதுவும் போச்சு.

கிராமத்துக்கு என்ன பலன்? வெளியே பார்க்கும் வைத்தியத்துக்கு அரசு கட்டும் பணம் அந்த ஊர் மருத்துவமனைக்கே போகிறது. நர்ஸ், சமையல்காரர், மருந்துக்கடை என்று பலருக்குப் பிழைப்பு அதனால் ஓடும். மருத்துவமனை இருந்தால்தான். 2010க்குப் பிறகு அங்கே நூற்றுக்கு மேற்பட்ட கிராமத்து மருத்துவமனைகள் மூடப்பட்டன, அல்லது படுக்கை வைத்துப் பார்ப்பதை நிறுத்திக்கொண்டன. டாக்டர் இல்லாத ஊரில் சலுகைக் கடிதத்தை வைத்து விசிறிக்கொள்ளலாம்.

மைல் என்று எழுதினாலே கார்டு போடும் நண்பருக்கு: 40 மைல் என்பது 64 கிலோமீட்டர். நம் பாட்டன்மார் மைலைக் ‘கல்’ என்றார்கள். அப்படி எழுதியிருந்தால் அதற்கும் ஒரு கார்டு வந்திருக்கும்.