வியாழன் படத்துக்கு 1,850 ராண்டா?

இந்த வாரம் வந்த கடிதங்களில் ஐந்து, விண்கலப் படங்களைப் பற்றியவை. நாசாவின் விண்கலங்கள் அனுப்பும் மூலப்படங்களை வீட்டுக் கணினியில் இறக்கி, அழுக்கு நீக்கி, நிறம் கூட்டி, கோளாகவும் நிலவாகவும் ஆக்கும் பழக்கம் நம் பிள்ளைகளிடம் வந்திருக்கிறது. அதன் பின்னாலேயே அதில் காசு பார்க்கிறவர்களும் வந்துவிட்டார்கள். ஏழெட்டு வருடமாக நானும் இரவுகளில் இந்த வேலையைச் செய்கிறேன். ஆகவே இந்த நுகர்வோர் பத்தியில் வழக்கமாக வரும் பிரிட்ஜுக்கும் வாஷிங் மெஷினுக்கும் இந்த முறை விடுமுறை.

கேள்வி: வணக்கம்மா. பேரன் பத்தாம் வகுப்பு படிக்கிறான். ஜூனோ விண்கலம் எடுத்த வியாழன் படங்களைத் தானே செய்து பார்க்க வேண்டும் என்று ஒரே பிடிவாதம். இணையக் கடை ஒன்றில் 'நாசா உரிமம் பெற்ற மூலப்படத் தொகுப்பு' என்று போட்டு ஒரு பென் டிரைவ் விற்றார்கள். பிறந்தநாளுக்காக 1,850 ராண்ட் கொடுத்து வாங்கினேன். நேற்று கூரியரில் வந்தது, உறையை இன்னும் பிரிக்கவில்லை. நான் ஏமாந்துவிட்டேன் என்கிறாள் மகள். நிஜமா?
— ஓர் ஆயா, சாட்ஸ்வொர்த்

பதில்: அம்மா, உறையைப் பிரிக்காதீர்கள். இதைக் கடிதம் கிடைத்த அன்றே உங்களிடம் போனில் சொல்லிவிட்டேன். இதே விளம்பரத்தைப் பார்த்து யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்காகக் காரணத்தை இங்கே எழுதுகிறேன்.

ஜூனோ 2011 ஆகஸ்டில் கிளம்பி 2016 ஜூலையில் வியாழனைச் சேர்ந்தது. அதில் இருக்கும் ஜூனோகேம் என்ற கேமராவை வைத்ததே பொதுமக்களும் இதில் பங்கெடுக்கட்டும் என்றுதான். படங்கள் பூமிக்கு வந்ததும் திட்டத்தின் இணையதளத்தில் அப்படியே போட்டுவிடுகிறார்கள். யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம், ஒரு காசு கட்ட வேண்டாம். 2004 முதல் 2017 வரை சனியைச் சுற்றிய காசினி எடுத்த நான்கரை லட்சத்துக்கும் மேற்பட்ட படங்களும், 1977இல் கிளம்பிய இரண்டு வாயேஜர்களின் படங்களும் நாசாவின் கோள் தரவுக் காப்பகத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. நாசாவின் படங்களுக்குப் பொதுவாகக் காப்புரிமை கிடையாது, ஆகவே அவற்றைப் பார்க்கவோ திருத்தவோ யாரும் உங்களுக்கு உரிமம் விற்க முடியாது. தன் இலச்சினையை வியாபாரப் பொருள்மேல் ஒட்டி, தானே சிபாரிசு செய்வதுபோலக் காட்டுவதையும் நாசா அனுமதிப்பதில்லை. உறைமேல் அந்த நீல வட்டம் இருந்தாலே உஷாராகிவிட வேண்டும்.

இனி பணம். நம் தென்னாப்பிரிக்காவின் 2002ஆம் ஆண்டு மின்னணுத் தகவல்தொடர்பு மற்றும் பரிவர்த்தனைச் சட்டம், பிரிவு 44 உங்கள் பக்கம் இருக்கிறது. இணையத்தில் வாங்கிய பொருள் கைக்கு வந்த 7 நாளுக்குள் காரணமே சொல்லாமல் வேண்டாம் என்று சொல்லலாம். திருப்பி அனுப்பும் செலவு மட்டும் உங்களுடையது. ரத்து செய்த 30 நாளுக்குள் முழுப் பணமும் வந்தாக வேண்டும். ஆனால் அதே சட்டத்தில் ஒரு விலக்கு இருக்கிறது: உறை பிரித்த மென்பொருளுக்கும், ஒலி, ஒளிப் பதிவுகளுக்கும் இந்த உரிமை இல்லை. 'பென் டிரைவில் மென்பொருளும் இருக்கிறது, நீங்கள் பிரித்துவிட்டீர்கள்' என்று கடைக்காரர் வாதாட நாமே வழி விடக் கூடாது. பிரிக்க வேண்டாம் என்று நான் பதறியது அதனால்தான். மின்னஞ்சலில் இரண்டு வரி போதும்: எந்தத் தேதியில் கிடைத்தது, பிரிவு 44இன் கீழ் ரத்து செய்கிறேன். பதில் வராவிட்டால் நுகர்வோர் பொருள் மற்றும் சேவைக் குறைதீர்ப்பாளரிடம் புகார் கொடுக்கலாம், அதற்குக் கட்டணம் இல்லை. முதலில் கடையிடம் கேட்டதற்கான சான்று கையில் இருக்க வேண்டும், ஆகவே போனில் பேசி விட்டுவிடாதீர்கள்.

பேரனிடம் ஒன்று சொல்லி வையுங்கள். ஜூனோகேமின் முதல் மூலப்படத்தைத் திறந்ததும் வியாழன் தெரியாது. சாம்பல் நிறத்தில் ஒரு நெடிய பட்டை திரைக்கு வெளியே ஓடும். உருட்டிப் பார்த்தால், வாழைத்தண்டை வில்லை வில்லையாக நறுக்கி வரிசையாக வைத்ததுபோல 128 வரி உயரமுள்ள துண்டுகள். மேலே சில துண்டுகள் வெறும் கறுப்பு. பிறகு ஒரு வளைந்த ஓரம் எட்டிப் பார்க்கும், அடுத்து மேகப் பட்டையின் ஒரு கீற்று. அதே கீற்று சற்றே நகர்ந்து மறுபடியும் வரும், இன்னொரு முறையும் வரும். ஜூனோ நிமிடத்துக்கு இரண்டு சுற்று வீதம் தன்னைத்தானே சுற்றிக்கொண்டே போகிறது. கேமராவின் உணரிமேல் நீலம், பச்சை, சிவப்பு வடிகட்டிகள் பட்டை பட்டையாகப் பதிந்திருக்கின்றன. கலம் சுற்றச் சுற்றக் கோள் அந்தப் பட்டைகளைக் கடந்து போகும், ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு துண்டு விழும். அந்தத் துண்டுகளைக் கோர்ப்பதுதான் வேலை. கலமும் அதிவேகத்தில் நகர்வதால், பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினால் மட்டும் சேராது, கோணக் கணக்கு போட வேண்டும். நான் முதலில் கையாலேயே ஒட்டினேன். இரண்டு இரவு உட்கார்ந்தும், வியாழனின் ராட்சதப் புயலான பெரும் சிவப்புப் புள்ளியின் ஓரத்தில் ஒரு பச்சைக் கோடு போகவே இல்லை.

ஆகவே பேரன் காசினியில் தொடங்கட்டும். அதில் ஒரே காட்சியைச் சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகள் வழியாகத் தனித்தனியாக எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்கள், 1024-க்கு 1024 அளவில் கிடைக்கும். மூன்றையும் மூன்று நிற அலைவரிசைகளில் வைத்துக் கலந்தால் சாம்பல் சனி சட்டென்று வெளிர் மஞ்சளாகும். அந்தக் கணத்துக்காகவே நான் இன்றும் உட்காருகிறேன். அதைப் பார்த்துவிட்டால் பிள்ளை ஜூனோவுக்குத் தானாகவே போவான்.

கேள்வி: அக்கா, இந்த வேலைக்கு 28,000 ராண்ட் கேமிங் லேப்டாப் கட்டாயம் வேண்டும் என்கிறார் கடைக்காரர். தவணையில் எடுக்கட்டுமா?
— ஃபீனிக்ஸிலிருந்து ஒரு தம்பி

பதில்: வேண்டாம் தம்பி, வட்டி கட்டி எடுக்கவே வேண்டாம். விளையாட்டுக்கான கிராபிக்ஸ் கார்டு இந்த வேலையில் பெரும்பாலும் சும்மா கிடக்கும். 16 ஜிபி மெமரியும் எஸ்எஸ்டி வட்டும் உள்ள, அலுவலகத்திலிருந்து வந்த பழுதுபார்த்த லேப்டாப் போதும். பழுதுபார்த்த பொருளுக்கும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 6 மாதப் பொறுப்பு உண்டு. குறை வந்தால் சரிசெய்வதா, மாற்றுவதா, பணம் திரும்புவதா என்று தேர்ந்தெடுப்பது நீங்கள், கடைக்காரர் அல்ல. ஆனால் 'பேட்டரி பலவீனம்' என்பதுபோல ஒரு குறையை முன்கூட்டியே தெளிவாகச் சொல்லி நீங்களும் ஒத்துக்கொண்டிருந்தால், அந்தக் குறைக்கு அது பொருந்தாது. கையெழுத்துப் போடும் முன் பில்லை வாசியுங்கள்.

மிச்சமாகும் பணத்தைத் திரையில் போடுங்கள். பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாத ஐபிஎஸ் வகை மானிட்டராகப் பாருங்கள். கறுப்பிலிருந்து வெள்ளை வரை படிப்படியாக மாறும் ஒரு சாம்பல் பட்டைப் படத்தை பென் டிரைவில் கொண்டுபோய்க் கடையிலேயே போட்டுக் காட்டச் சொல்லுங்கள். கறுப்பு முனையில் இருக்கும் கடைசி நாலைந்து படிகள் ஒன்றாகக் கலந்து தெரிந்தால் அந்தத் திரை வேண்டாம். பக்கவாட்டில் நின்றும் பாருங்கள். நிலவின் இருட்டு ஓரத்தில் உள்ள பள்ளங்கள் எல்லாம் அந்தப் படிகளில்தான் இருக்கின்றன. திரை அதைக் காட்டாவிட்டால் நீங்கள் செய்கிற திருத்தம் குருட்டாம்போக்கில்தான் போகும்.

மேசைக் கணினி வாங்கினால் சிறிய யுபிஎஸ் ஒன்றும் வாங்குங்கள். நடுவில் கரண்ட் போய், மூன்று மணி நேர வேலை போன வேதனை எனக்குத் தெரியும்.

கேள்வி: மாதச் சந்தா கட்டும் படத் திருத்த மென்பொருள் இல்லாமல் முடியுமா? ஒரு வருட ஒப்பந்தத்தில் ஏற்கெனவே மாட்டிக்கொண்டிருக்கிறேன்.
— வாசகி, பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பதில்: முடியும். கிம்ப் இலவசம். 2018இல் வந்த 2.10 பதிப்பிலிருந்து 16 பிட் படங்களையும், அதாவது நிறப் படிகள் மிக நுணுக்கமாக உள்ள படங்களையும் கையாள்கிறது. ஃபிட்ஸ் என்ற வானியல் படக் கோப்புகளுக்கு சிரில் இருக்கிறது, அதுவும் இலவசம். கணக்குப் பிசகாமல் செய்ய விரும்புகிறவர்களுக்கு அமெரிக்க நிலவியல் ஆய்வுத்துறையின் ஐசிஸ் இருக்கிறது, அதற்கும் விலை இல்லை. அதன் துணைத் தரவு மிகப் பெரிது, உங்களுக்கு வேண்டிய விண்கலத்துக்கு உரியதை மட்டும் வைஃபையில் இறக்குங்கள். ஒப்பந்தம் உள்ளூர் நிறுவனத்துடன் என்றால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பிரிவு 14இன்படி 20 வேலை நாள் முன்னறிவிப்பு கொடுத்து வெளியே வரலாம். நியாயமான ஒரு ரத்துக் கட்டணம் கேட்பார்கள், மிச்ச மாதங்கள் முழுவதற்கும் கேட்டால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: 'நெப்டியூன் — உண்மை நிறம்' என்று எழுதிய போஸ்டர் வாங்கினேன். கரும் நீலம். அதே கோளை வெளிறிய நிறத்தில் வேறொரு கடையில் பார்த்தேன். யார் ஏமாற்றுகிறார்கள்?
— ஆசிரியர், டோங்காட்

பதில்: ஐயா, படம் போலி அல்ல. வாசகம்தான் தவறு.

நெப்டியூன் பக்கத்தில் இதுவரை போனது வாயேஜர் 2 மட்டும், 1989 ஆகஸ்டில். மேகங்களும் புயல்களும் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று அந்தப் படங்களின் மாறுபாட்டைக் கூட்டி வெளியிட்டார்கள். நீலம் கனத்தது அப்படித்தான். அப்போது படத்தோடு போன விளக்கம் வருடங்கள் போகப் போக உதிர்ந்துவிட்டது, நீலம் மட்டும் தங்கிவிட்டது. 2024 ஜனவரியில் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தலைமையிலான குழு அந்தப் பழைய படங்களை ஹபிள் தொலைநோக்கியின் அளவீடுகளோடும், சிலியில் உள்ள பெருந்தொலைநோக்கியின் அளவீடுகளோடும் வைத்துச் சரிபார்த்தது. நெப்டியூனும் யுரேனஸும் ஏறத்தாழ ஒரே வெளிர் பச்சை நீலம், நெப்டியூனில் நீலம் ஒரு சாயல் மட்டும் அதிகம் என்று சொன்னது. நீங்கள் பார்த்த வெளிறிய போஸ்டர்தான் உண்மைக்குப் பக்கம்.

நிறம் கூட்டுவது குற்றம் என்று நினைத்துவிடாதீர்கள். வியாழனைக் கண்ணால் பார்ப்பதுபோலவே விட்டால், பால் கூடின டீயில் பழுப்புக் கோடு போட்டதுபோல இருக்கும். சுழல்களைக் காட்ட நிறத்தை இழுத்தே ஆக வேண்டும், நானும் இழுக்கிறேன். ஆனால் ஒவ்வொரு படத்தின் கீழும் எந்த வடிகட்டிகள், எதைக் கூட்டினேன் என்று எழுதிவிடுவேன். எழுதாமல் விட்டாலே மனம் உறுத்தும், இங்கேயோ அதன்மேல் 'உண்மை' என்று முத்திரையே குத்தியிருக்கிறார்கள். வாங்குபவரைத் தவறாக நம்பவைக்கும் வாசகத்தை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பிரிவு 41 தடுக்கிறது. அதைச் சொல்லிப் பணத்தைத் திரும்பக் கேளுங்கள், வாசகத்தை மாற்றவும் கேளுங்கள். போஸ்டரையே வைத்துக்கொள்ள ஆசை என்றால், வகுப்பில் இரண்டையும் பக்கத்தில் மாட்டி வையுங்கள். பிள்ளைகள் கேள்வி கேட்கத் தொடங்குவார்கள்.

கேள்வி: நானே செய்த சனி படத்தை ஒரு மீட்டர் அகலத்தில் கேன்வாஸில் அச்சடித்தேன். வளையமெல்லாம் படிக்கட்டுபோல, நிழலில் கோடு கோடாக. 'உங்கள் கோப்புதான் மோசம், ஆர்டர் கொடுத்துச் செய்ததைத் திரும்ப வாங்கமாட்டோம்' என்கிறது கடை. அடுத்து இதைப்போலப் படங்கள் செய்து விற்கவும் எண்ணம் இருக்கிறது.
— லெனேசியா வாசகர்

பதில்: அண்ணா, வருத்தமாக இருந்தாலும் சொல்கிறேன், பாதிக்குமேல் கடைக்காரர் பக்கம்தான் நியாயம். மேலே சொன்ன 7 நாள் உரிமை, நம் அளவுக்கும் விருப்பத்துக்கும் செய்துகொடுத்த பொருளுக்குக் கிடையாது. மை வழிந்தாலோ துணி கிழிந்தாலோ 6 மாதப் பொறுப்பு உண்டு, இது அப்படிப்பட்ட குறையல்ல. காசினி படத்தில் குறுக்கே 1024 புள்ளிகள். அதை ஒரு மீட்டருக்கு விரித்தால் ஒவ்வொரு புள்ளியும் ஒரு மில்லிமீட்டர். வளையம் படிக்கட்டாகாமல் என்ன செய்யும்? சென்டிமீட்டருக்கு 60 புள்ளி என்று கணக்கு வையுங்கள், அந்தப் படம் 17 சென்டிமீட்டர் வரை அழகாக நிற்கும். தூரத்திலிருந்து பார்க்க என்றால் இரண்டு மடங்கு போகலாம். பெரிதாக வேண்டுமென்றால் பல படங்களைக் கோர்த்த மொசைக்தான் வழி.

நிழல் கோடுகளுக்குக் காரணம் ஜேபெக் என்ற படக் கோப்பு வகை. அதில் ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான், இருட்டை நாம் இழுத்தால் படிக்குப் படி இடைவெளி தெரியும். காப்பகத்தின் மூலக் கோப்பை ஐசிஸில் 16 பிட்டாக மாற்றி வேலை செய்துவிட்டு, கடைசியில் மட்டும் ஜேபெக் ஆக்குங்கள். அடுத்த முறை முழு அச்சுக்கு முன் ஏ4 அளவில் ஒரு துண்டு மாதிரி அடித்துத் தரச் சொல்லுங்கள். தராத கடையில் கொடுக்காதீர்கள். இந்த முறை, எச்சரிக்காமல் அடித்தது உங்கள் தவறுதானே என்று கேட்டு, அடக்க விலையில் சிறிதாக ஒன்று அடித்துத் தரச் சொல்லிப் பாருங்கள். சட்டம் கட்டாயப்படுத்தாது, ஆனால் நல்ல கடை மறுக்காது.

விற்கலாம், நீங்களே மூலத்திலிருந்து செய்ததாக இருந்தால். மற்றவர் செய்து முடித்த படம் அவருடைய உழைப்பு, அனுமதி கேட்டே ஆக வேண்டும். ஐரோப்பிய விண்வெளி முகமையின் படங்களுக்கு வேறு நிபந்தனைகள் இருக்கின்றன, ஒவ்வொன்றையும் வாசியுங்கள். உங்கள் ஊரிலிருந்து காரில் போய்வரும் தூரத்தில் இருக்கும் ஹார்ட்டபீஸ்ட்ஹூக்கில் 1961இல் நாசா கட்டிய ஆண்டெனாவும் ரேஞ்சர், மாரினர் விண்கலங்களின் செய்திகளை வாங்கிக் கொடுத்தது. இப்படி எத்தனையோ பேர் கை மாறித்தான் ஒரு படம் நம் திரைக்கு வருகிறது. படம் எடுத்தவர்கள் பெயர் முதலில், 'செயலாக்கம்' என்று உங்கள் பெயர் அதன் பிறகு. சட்டகம் போடுகிறவரிடம் கீழே அந்த வரிக்கு இரண்டு விரல் இடம் விடச் சொல்லுங்கள், சொல்லாவிட்டால் வெட்டிவிடுவார்.