பழைய பொலேரோவில் கூடுதல் விளக்கு போட வேண்டும். ஹெட்லைட் வயரிலிருந்தே லைன் எடுக்கலாமா?

கேட்டவர் குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டம் வைத்திருக்கிறார். விடிவதற்கு முன்பே பேச்சிப்பாறை ரோட்டில் போக வேண்டியிருக்கிறது, 55 வாட் ஹாலஜன் விளக்கு ஒரு ஜோடி வாங்கிவிட்டார், பட்டறையில் ஹெட்லைட் வயரில் சேர்த்து முறுக்கித் தருவதாகச் சொல்கிறார்கள். இதுதான் விஷயம்.

முறுக்க விடாதீர்கள். கணக்கைப் பாருங்கள். ஹெட்லைட் இரண்டும் ஹை பீமில் 60 வாட் வீதம் 120 வாட், அதாவது சுமார் 10 ஆம்பியர். நீங்கள் வாங்கிய ஜோடி 110 வாட், அது ஒரு 9 ஆம்பியர். கம்பெனி வயரும் டிம்மர் சுவிட்சும் முதல் பத்து ஆம்பியரை மனதில் வைத்துப் போட்டவை. இரண்டையும் சேர்த்தால் முதல் வாரத்திலேயே ஃபியூஸ் போகும். அப்போது பட்டறையில் 30 ஆம்பியர் ஃபியூஸைச் செருகித் தருவார்கள். அதன் பிறகு ஃபியூஸ் போகாது, வயர்தான் உருகும். ஃபியூஸ் இருப்பது விளக்கைக் காப்பாற்ற இல்லை, வயரைக் காப்பாற்ற.

சரியான வழி ரிலே, அதாவது சின்ன கரண்டை வைத்துப் பெரிய கரண்டைத் திறந்து மூடுகிற சுவிட்ச். 12 வோல்ட், 40 ஆம்பியர் ரிலே எந்த ஸ்பேர் கடையிலும் கிடைக்கும். அடியில் ஒவ்வொரு பின்னுக்கும் ஒரு எண் போட்டிருக்கும். பேட்டரி பாசிட்டிவிலிருந்து 15 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக 30-க்கு வயர், 87-லிருந்து விளக்குக்கு, 85 எர்த் (பேட்டரி நெகட்டிவோடு சேர்ந்த வண்டியின் இரும்புப் பாடி), 86-க்கு ஹை பீம் வயரிலிருந்து டேஷ்போர்டு சுவிட்ச் வழியாக ஒரு மெல்லிய வயர். அந்த மெல்லிய வயரில் கால் ஆம்பியர்கூட ஓடாது, அதனால் சுவிட்ச் சூடாகாது. ஐந்து பின் ரிலே கொடுத்தால் நடுவில் 87a என்று ஒன்று இருக்கும். அதைத் தொடவே வேண்டாம், ரிலே அணைந்திருக்கும்போது கரண்ட் வரும் பின் அது.

பெரிய கரண்ட் போகும் வயர் 2.5 சதுர மி.மீ. தாமிரமாக இருக்கட்டும். ஃபியூஸ் ஹோல்டர் பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். தள்ளி வைத்தால், இடையில் எங்காவது வயர் உரசி பாடியில் பட்டாலும் ஃபியூஸுக்கு அது தெரியாது. டேஷ்போர்டு பக்கம் வயர் நுழையும் ஓட்டையில் வயர் உரசாமல் இருக்க ரப்பர் வளையம் (கிரோமெட்) கட்டாயம்.

86-க்கு ஏன் ஹை பீமிலிருந்து என்றால், நம் தோட்டத்து ரோடுகளின் அகலம் உங்களுக்கே தெரியும். வளைவில் எதிரே பஸ் வந்தால் டிம் பண்ணிய நொடியில் எல்லாம் சேர்ந்து அணைய வேண்டும். இன்னொரு சுவிட்சைத் தேடிக்கொண்டிருக்க முடியாது. முதலில் டெஸ்ட் லாம்ப் வைத்து ஹை பீமில் அந்த வயருக்கும் பாடிக்கும் இடையே 12 வோல்ட் வருகிறதா என்று பாருங்கள். சில வண்டிகளில் சுவிட்ச் எர்த் பக்கம் இருக்கும், அங்கே இந்த இணைப்பு வேலை செய்யாது. வயரை வெட்ட மனமில்லை என்றால் ஹெட்லைட் கப்ளரில் செருகுகிற மாதிரி ரெடிமேட் வயர் கட்டு (ஹார்னஸ்) வருகிறது, புது வண்டிக்கு அதுதான் நல்லது.

இதெல்லாம் எந்த ஊருக்கும் பொருந்தும். நம் குமரி மாவட்டத்தில் வண்டி படுத்துவது பெரும்பாலும் ரிலேயாலோ ஃபியூஸாலோ அல்ல, எர்த்தால். ஜூன் மழையும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு. குளச்சல், முட்டம் பக்கம் வண்டி நின்றால் உப்புக்காற்று வேறு. பெயிண்டுக்கு மேலேயே லக்கை (வயர் நுனியில் மாட்டும் உலோக வளையம்) வைத்துப் போல்ட் முறுக்கினால் அன்றைக்கு விளக்கு எரியும். ஒரு மழைக்காலம் கழித்துக் கழற்றிப் பாருங்கள்: லக்கின் அடியில் பச்சைக் களிம்பு, வயர் நுனியில் தாமிரம் கறுத்து, தொட்டால் இழை இழையாக உடையும். விளக்கு மங்கலாகத் தெரியும்போது பேட்டரியை மாற்றுகிறவர்களும் உண்டு, பாவம். பெயிண்டைச் சுரண்டி வெள்ளை இரும்பு தெரிந்தபின் லக்கை வையுங்கள், நட்டு தளராமல் இருக்க ஸ்டார் வாஷர் போடுங்கள், மேலே கிரீஸ் தடவுங்கள். இன்னும் நிம்மதி வேண்டுமானால் எர்த் வயரை பேட்டரி நெகட்டிவுக்கே கொண்டுபோய்விடுங்கள். இணைப்புகளை முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றுகிற வேலை வேண்டவே வேண்டாம், எஞ்சின் சூட்டில் பசை இளகி டேப் தானாகக் கழன்றுவிடும். லக்கை வயரோடு இடுக்கியால் நசுக்கிப் பிடித்து (கிரிம்ப்), சூடாக்கினால் சுருங்கிப் பிடிக்கிற, பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் குழாய் போடுங்கள். ரிலேயைப் பின்கள் கீழே பார்க்கிற மாதிரி மாட்டினால் தண்ணீர் தங்காது.

சட்டமும் கொஞ்சம். மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-ல், 106-வது விதி எதிரே வருபவர் கண் கூசாதபடி வெளிச்சம் கீழ்நோக்கி இருக்க வேண்டும் என்கிறது. 111-வது விதி முன்பக்கம் ஸ்பாட் லைட், சர்ச் லைட் மாட்டுவதைத் தடுக்கிறது, விதிவிலக்குக்கு பதிவு அதிகாரியின் முன் அனுமதி வேண்டும். அதனால் கூரை மேல் நீள பார் லைட் போடும் ஆசை இருந்தால் விட்டுவிடுங்கள். பம்பர் உயரத்திலேயே மாட்டி, ஒளி தரையைப் பார்க்கிற மாதிரி சாய்த்து வையுங்கள்.

வேலை முடிந்ததும் எஞ்சினை ஓடவிட்டு, விளக்கைப் பத்து நிமிடம் எரியவிடுங்கள். அப்புறம் ஃபியூஸ் ஹோல்டர், ரிலே, ஒவ்வொரு லக் என்று கையால் தொட்டுக்கொண்டே போங்கள். லேசான வெதுவெதுப்பு பரவாயில்லை. ஏதாவது ஒரு இடம் மட்டும் விரலைச் சுட்டால், அந்த இணைப்பை வெட்டிவிட்டுப் புது லக் போடச் சொல்லுங்கள்.